பேஸ்போல் தெரியாமல் 'ஈஸ்ட்பவுண்ட் அண்ட் டவுன்' பார்க்கலாமா?

அட்டன் பையன்: இந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோட் பார்த்தேன். மவுசு போன பேஸ்போல் வீரன் கென்னி பவர்ஸ் ஊருக்குத் திரும்பி ஸ்கூலில் பீ.டி. மாஸ்டராகிறான், வாய் மட்டும் குறையவில்லை. ஆட்டம் தெரியாமல் விளங்குமா?

தலவாக்கலை அக்கா: மட்டையால் பந்தை அடித்து ஓடும் நம்ம எல்லே விளையாட்டு அடித்திருப்பாய்தானே தம்பி, அது போதும். அவன் தன் பெருமையைத் தானே பேசிப் பதிந்து, வண்டியில் போட்டுக் கேட்பான் பார், அதுதான் கூத்து. 2009 முதல் 2013 வரை எச்பிஓ டிவியில் 4 சீசன், 29 எபிசோட்.

மழைக்காரன்: சத்தத்தைக் குறைத்துப் பார் மச்சான், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, லயத்து வீட்டுச் சுவர் வேறு மெல்லிசு. எங்கள் தோட்டத்திலும் ஒரு கென்னி மாமா இருக்கிறார், சித்திரை விளையாட்டுப் போட்டிக்கு மூங்கில் மட்டையோடு வருவார், முதல் வீச்சிலேயே இடுப்பு பிடித்துவிடும்.

அட்டன் பையன்: சரி அக்கா, இயர்போனோடு தொடர்கிறேன்.