70 டிகிரி ப்ளீச்சிங்: டிஏஇடி போட்டும் துணி வெளுக்கவில்லை

கேள்வி (ஃபீனிக்ஸ், மொரீஷியஸ்)
வணக்கம். பருத்தி சிங்கிள் ஜெர்சி (பின்னல் துணி), சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின், துணிக்குத் தண்ணீர் 1:8. பாய்லர் செலவைக் குறைக்க 98 டிகிரியிலிருந்து 70-க்கு இறங்கினோம். லிட்டருக்கு 50% பெராக்சைடு 4 கிராம், காஸ்டிக் சோடா 2, டிஏஇடி (TAED, குறைந்த வெப்பத்திலும் பெராக்சைடு வெளுக்க உதவும் ஆக்டிவேட்டர்) 3, 45 நிமிடம். துணி மஞ்சளாகவே நிற்கிறது, தண்ணீரும் உறிஞ்சவில்லை. டிஏஇடியை 6 ஆக்கலாமா?

பதில் 1
வேண்டாம், காசுதான் கரையும். சிக்கல் காஸ்டிக்கில். டிஏஇடி தானாக வெளுக்காது. பெராக்சைடோடு சேர்ந்து பெர்அசிட்டிக் அமிலம் ஆக வேண்டும். பிஎச் 11 பக்கம் போனால் அந்த அமிலம் துணியைத் தொடுமுன்பே பெராக்சைடோடு வினைபுரிந்து ஆக்சிஜனாகப் போய்விடும்.

காஸ்டிக்கை நிறுத்திவிட்டு சோடியம் பைகார்பனேட் 3 கிராம் போடுங்கள். 3 கிராம் டிஏஇடிக்குக் கணக்குப்படி 1.8 கிராம் பெராக்சைடே போதும், 4 தாராளம். 40 டிகிரியில் வெட்டிங் ஏஜெண்ட் (துணியை நனைய வைப்பது), பைகார்பனேட், பெராக்சைடு, டிஏஇடி கடைசியில். அது குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கலக்கி, 10 நிமிடத்தில் மெதுவாக விடுங்கள். பிறகு 70-ல் 60 நிமிடம். பிஎச் 8-ஐ ஒட்டித் தொடங்கும். முடிவில் 7-க்குக் கீழே போயிருந்தால் அடுத்த லாட்டில் பைகார்பனேட்டைக் கூட்டுங்கள்.

பதில் 2
உறிஞ்சாதது தனிப் பிரச்சினை. பருத்தி மெழுகு 98-ல் இளகிக் கழன்றுவிடும், 70-ல் பெரும்பகுதி துணியிலேயே தங்கும். முதலில் ஆல்கலைன் பெக்டினேஸ் (பருத்தியின் பெக்டினை உடைக்கும் என்சைம்), 55 டிகிரி, பிஎச் 8.5, 30 நிமிடம், கூடவே எமல்சிஃபையர். சீக்வெஸ்ட்ரன்டை (உலோக அயனிகளைக் கட்டிப்போடும் பொருள்) அந்தக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள்: இந்த என்சைமுக்குக் கால்சியம் வேண்டும், அந்தக் கால்சியத்தைச் சீக்வெஸ்ட்ரன்ட் பிடித்துக்கொள்ளும். ப்ளீச் பாத்தில் போடலாம்.

துணியில் ஒட்டியிருக்கும் பருத்திக் கொட்டைத் தோல் புள்ளி மட்டும் 70-ல் முழுதாகப் போகாது. அடர் நிறங்களுக்குக் கவலையில்லை. முழு வெள்ளைக்கும் வெளிர் நிறங்களுக்கும் 98-ஐ விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. அடர் நிறம்தான் அதிகம். ப்ளீச் முடிந்த பிறகு, சாயத்துக்கு முன், வழக்கம்போல் கேட்டலேஸ் என்சைம் போட்டால் போதுமா?

பதில் 1
போதாது. கேட்டலேஸ் பெராக்சைடை உடைக்கும், பெர்அசிட்டிக்கை விட்டுவிடும். அது மிஞ்சினால் ரியாக்டிவ் சாயம் வெளிறும். முதலில் சோடியம் தயோசல்பேட் லிட்டருக்கு அரை கிராம், 10 நிமிடம், அலசிவிட்டுக் கேட்டலேஸ். பெராக்சைடு டெஸ்ட் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பாதீர்கள், பெர்அசிட்டிக் ஸ்ட்ரிப் தனியாக உண்டு.

பதில் 2
ஒன்று விட்டுப்போயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வருவதுபோல டிஏஇடியும் கப்பலில்தானே வருகிறது? ஒரு கிலோ துணிக்கு 24 கிராம் டிஏஇடி ஆகிறது. அதன் விலையை மிச்சமாகும் நீராவியோடு ஒப்பிட்ட பிறகே எல்லா மெஷினுக்கும் மாற்றுங்கள்.