பெங்களூரில் மெட்டாலிகாவைப் பார்த்த மறுநாள் வந்த ‘லூலூ’

முதலில் வெறுத்து, பிறகு விட முடியாமல் போன ஆல்பம் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடும் ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவும் சேர்ந்து போட்ட ‘லூலூ’.

2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். மெட்டாலிகா இந்தியாவில் முதன்முதலாக வாசித்த இரவு. ஆரணியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் ஊர் திரும்பினால், மறுநாள் ‘லூலூ’ வெளியாகிறது. 10 பாட்டு, 87 நிமிஷம். முந்தின இரவு கேட்ட அதே கிடார்தான், ஆனால் அதன் மேல் 69 வயது ரீட் தாளத்தில் உட்காராமல் தன் போக்கில் பேசிக்கொண்டே போகிறார், இரண்டாவது பாட்டில் மெட்டாலிகாவின் பாடகர் ஹெட்ஃபீல்ட் ‘நான் மேசை’ என்று முழங்குகிறார், எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். கோபம்தான் வந்தது. பல ரசிகர்களுக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் முதல் வாரம் சுமார் 13,000 பிரதிகள்தான் விற்றன.

அது எப்படி உருவானது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். 2009இல் ரீடும் மெட்டாலிகாவும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள். சேர்ந்து ஏதாவது செய்வோம் என்று பேச்சு வந்தபோது, ரீடின் பழைய பாட்டுகளைத் திரும்பப் பதிவது என்றுதான் முதலில் யோசனை. அப்புறம் அவர், பெர்லினில் நாடக இயக்குநர் ராபர்ட் வில்சன் மேடையேற்றிய ‘லூலூ’ நாடகத்துக்காகத் தான் எழுதியதை எடுத்து வந்தார். ஃபிராங்க் வேடகிண்ட் என்ற ஜெர்மானியர் எழுதிய இரண்டு நாடகங்களின் கதை அது. எல்லாரும் ஆசைப்பட்ட, யாரும் காப்பாற்றாத ஒரு பெண், கடைசியில் லண்டனில் ஜாக் தி ரிப்பர் என்ற கொலைகாரன் கையில் சாகிறாள்.

இதைப் படித்ததும் எங்கள் ஊர் பாரதக் கூத்துதான் ஞாபகம் வந்தது. அறுபது தாண்டிய தாத்தா பாஞ்சாலி வேஷம் கட்டி, துகிலுரியும் இடத்தில் கட்டைக் குரலில் கண்ணனைக் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை, பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ரீடும் அப்படித்தானே லூலூவாக நின்று பேசுகிறார்! மெட்டாலிகா ஆல்பம் என்று நினைத்துக் கேட்டதுதான் என் சிக்கல். கூத்து என்று நினைத்துக் கேட்டபோது முதல் பாட்டிலேயே உள்ளே போய்விட்டேன்.

கடைசிப் பாட்டு ‘ஜூனியர் டாட்’, 19 நிமிஷத்துக்கு மேல். மெட்டாலிகாவின் கிடார் கலைஞர் கிர்க் ஹாம்மெட் அப்போதுதான் அப்பாவை இழந்திருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டு ஸ்டுடியோ அறையிலிருந்து சமையலறைக்கு ஓடிப்போய் அழுதிருக்கிறார், பின்னாலேயே ஹெட்ஃபீல்டும் கண்ணீரோடு வந்திருக்கிறார். என் அப்பா 2016இல் போனார். கடைசி நான்கு வருஷம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பின இரவு, மொட்டை மாடியில் ஹெட்ஃபோன் மாட்டி அதைக் கேட்டேன். மூழ்குகிறவன் ஒருவன் கைகொடுக்கச் சொல்லிக் கேட்பதாகத் தொடங்கும் பாட்டு. பேச்சு நின்ற பிறகும் தம்பூரா மாதிரி ஒரு ரீங்காரம் பல நிமிஷம் ஓடிக்கொண்டே இருக்கும். அது முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ரீட் 2013இல் இறந்தார். ‘லூலூ’தான் லூவின் மிகச் சிறந்த படைப்பு என்று பாடகர் டேவிட் போவி தன்னிடம் சொன்னதாக ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன் 2015இல் ஒரு மேடையில் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், அதிலுள்ள ‘மிஸ்ட்ரஸ் டிரெட்’ பாட்டு எனக்கு இன்னும் வெறும் இரைச்சல்தான்.

கேட்கப் போகிறவர்கள் பத்தாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். இரவில், தனியாக. கடைசி ரீங்காரம் வரும்போது பாட்டு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.