பழைய நூல்களை மதிப்பிடத் தெரிந்த வணிகர் யாராவது இருக்கிறார்களா?

காரைதீவில் அம்மப்பா விட்டுச்சென்ற புத்தக அலுமாரியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதில் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ முதற்பதிப்பும் இருக்கிறது. முதுகுத் துணி கிழிந்து, ஓரங்களில் பூச்சி துளைத்திருக்கிறது. தலைப்புப் பக்கம் முழுமையாக உள்ளது.

பழைய கடதாசி வாங்குபவர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். அடிகள் பிறந்த ஊரிலேயே இப்படியா என்று மனம் கொதித்துவிட்டது.

பதிப்பையும் நிலையையும் பார்த்து விலை சொல்லத் தெரிந்த நேர்மையான அரிய நூல் வணிகர், ஆங்கிலத்தில் பிப்லியோபோல் என்பார்களே, அப்படி ஒருவர் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கிறாரா? கொழும்பு, யாழ்ப்பாணம் என்றாலும் கொண்டுபோகிறேன். விற்பதற்கு முன் முதுகை ஒட்டலாமா, அப்படியே விடுவதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.