வன்னிக் காட்டோர வேலைக்கு நின்று பிடிக்கும் கத்தி எது?

கேள்வி: காட்டோரக் காணிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு தோட்டக் காணி உண்டு. இடுப்பில் உறையோடு கட்டிக்கொள்ளக்கூடிய, மடிக்காத கத்தி ஒன்றைத் தேடுகிறேன். கதியால் சீவுவதும், முள்ளுக் கொப்புகளைத் தறிப்பதும், கயிறு அறுப்பதும், இடையிடையே நந்திக்கடல் பக்கம் போகும்போது மீன் வெட்டுவதும் அதற்குரிய வேலைகள். சந்தையில் வாங்கிய கடைசிக் கத்தி, பாலைக் கொப்பு ஒன்றைத் தறிக்கையில் பிடியோடு முறிந்து போனது. பிடியைப் பிளந்து பார்த்தால், உள்ளே விரல் நீளம்கூட இல்லாத கூரான வால் ஒன்று மட்டும் இருந்தது. மிகுதி இடத்தை அரக்கு ஊற்றி நிரப்பியிருந்தார்கள்.

நோர்வேயிலிருந்து வரவிருக்கும் மச்சான், சுவீடனில் செய்யப்படும் மோறா கத்தி ஒன்றைக் கொண்டுவரலாம் என்கிறார். அப்பாவோ, லொறி வில்லுத் தகட்டைக் கொல்லரிடம் கொடுத்து அடிப்பித்தால் பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எதை நம்பலாம்? தகடு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்?

பதில்: பட்டறை வீட்டான்

தம்பி, அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வில்லுத் தகடு என்பதற்காக மட்டும் கத்தி நன்றாக அமைந்துவிடாது. அந்தத் தகட்டில் காபன் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருக்கும். வாகனத்துக்கு வாகனம் குரோமியமோ சிலிக்கனோ சிறிதளவு சேர்ந்திருக்கும். பாரம் ஏறும்போது வளைந்து, இறங்கியதும் நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு என்பதால், தறிக்கிற கத்திக்கு இதைவிடப் பொருத்தமானது நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காது.

கத்தியின் ஆயுள் தோய்ச்சலில், அதாவது சூடேற்றி அமிழ்த்திக் கடினமாக்குவதில், இருக்கிறது. உருக்கு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் சூட்டைத் தொட்டதும் காந்தம் அதில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் தோய்க்க வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீரில் தோய்த்தால் இந்த வகை உருக்கில் மயிரிழை வெடிப்பு விழக்கூடும். அது பட்டறையில் தெரியாது. முதிரைக் கணு ஒன்றில் ஓங்கிப் போடும் நாளில்தான் தெரியவரும். தோய்த்தபடியே விட்டாலும் கத்தி கண்ணாடி போல நொறுங்கும். ஆகையால் அதை மினுக்கித் துலக்கி, முதுகுப் பக்கமிருந்து மெதுவாகச் சூடுகாட்ட வேண்டும். அப்போது வெளிர் மஞ்சள், வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று உருக்கின் மேல் நிறம் ஓடிவருவதைக் கண்ணாலேயே காணலாம். சீவும் கத்தியை வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார்கள். தறிக்கும் கத்தியானால் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பழுப்பு எட்டி, முதுகில் நீலம் ஏறும்வரை விடுவார்கள்.

பழைய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்பதால், நடு ஆணித் துளையை அண்டிய பகுதியை ஒதுக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கத்தியை வாங்குமுன் நல்ல அரம் ஒன்றை அதன் வாயில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் ஒரேயடியாக வழுக்கினால் வாய் அளவுக்கு மீறிக் கடினம். இலகுவாகத் துருவி எடுத்தால் பதமே ஏறவில்லை. சற்றுத் தயங்கிப் பின் கடித்தால் தாராளமாக வாங்கலாம்.

பதில்: சவர்க்காற்று

மீன் வெட்டுவதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் அண்ணை சொன்ன கத்தி காலை வாரும். நந்திக்கடல், நாயாறு ஓரங்களில் மீன் வெட்டிய வில்லுத் தகட்டுக் கத்தியைக் கழுவாமல் உறைக்குள் செருகினால், விடியும்போதே வாயில் செங்கறள் பூத்திருக்கும். மச்சான் கொண்டுவரும் மோறாவில் இரண்டு வகை உண்டு. காபன் உருக்கு வகையை விட்டுவிட்டுக் கறள் பிடியாத வகையையே கேளுங்கள். அதில் பெரும்பாலும் பயன்படும் 12சி27 என்ற உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 13.5 சதவீதம் இருக்கிறது. அதற்காகக் கறளே அண்டாது என்று எண்ணிவிட வேண்டாம். உப்போடு நாள்கணக்கில் கிடந்தால் அதிலும் புள்ளி விழும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, தேங்காய் எண்ணெயைப் பெயருக்குத் தடவினாலே போதும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், எந்தக் கத்தியையும் அதற்குள் வைத்தபடி மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

பதில்: நெடுங்கேணியான்

தடிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இணையத்தில் காணும் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குட்டைக் கத்திகளில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. நீளமில்லாததால் அவை தறிப்பதற்கு உதவா, தடித்த வாயால் கதியாலையும் ஒழுங்காகச் சீவமாட்டா. மோறாவின் கம்பானியன் வகை 2.5 மில்லிமீற்றர்தான், சீவவும் அறுக்கவும் மீன் வெட்டவும் அது தாராளம். ஆனால் அதன் வால் பிடியின் கடைசிவரை போவதில்லை என்பதால், முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்க நினைப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. அதே நிறுவனத்தின் கார்பெர்க் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் முழு வாலும் கொண்டது. விலையும் அதற்கேற்ப ஏறும். எதுவானாலும் அலகு 11 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது; பாலைக் கொப்பைத் தறிக்க அது போதாது. தறிப்பதற்கு ஒன்று, சீவுவதற்கு ஒன்று என இரண்டாக வைத்திருப்பதே என் விருப்பம்.

கொல்லரிடம் அடிப்பிக்கும் கத்தியின் வால், பிடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் முழுமையாக ஓட வேண்டும். இருபுறமும் முதிரைப் பலகை வைத்து மூன்று இடங்களில் தறையாணி அடிப்பியுங்கள். மாரியில் ஊதிச் சோளகத்தில் சுருங்கும் மரம் அது. பலகைக்கும் உருக்குக்கும் நடுவே ஈரம் நுழைந்தால் வெளியே தெரியாமலே வால் கறளேறிவிடும். இடுக்கில் பசை பூசி அடைக்கச் சொல்வதோடு, பிடிக்கு அவ்வப்போது எண்ணெயும் பூசுங்கள்.

இன்னொன்று, கூர் மழுங்கியதும் கிரைண்டரில் கொடுத்துப் பொறி பறக்கச் சாணை பிடிக்க விடாதீர்கள். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டுவது நேரமெடுத்தாலும் கத்தியைக் கெடுக்காது.

பதில்: மாங்குளத்துப் பயணி

கத்தி முனையால் கிழங்கு கிண்டும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. முனை முறிவது ஒரு புறமிருக்க, கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத நிலத்தில் அதைச் செய்யவே கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் வன்னியில் இருக்கின்றன. வீதியால் கொண்டுபோகும்போது கத்தியைச் சாக்கில் சுற்றி மற்றத் தோட்டச் சாமான்களோடு வையுங்கள். இடுப்பில் தொங்கவிட்டால் வீண் கேள்விகள் வரும். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றி மரம் தறிப்பது குற்றம் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

காட்டோரக் காணிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. தறிப்பதற்கு அப்பாவின் விருப்பப்படியே வில்லுத் தகட்டில் பத்து அங்குலக் கத்தி ஒன்றை, முழு வாலோடு அடிப்பிக்கப் போகிறேன். தோய்ச்சலின்போது பக்கத்தில் நிற்கவும் கொல்லர் சம்மதித்துவிட்டார். மீனுக்கும் கதியாலுக்கும் கறள் பிடியாத கம்பானியன் போதும். அதை மச்சான் விமானத்தில் கைப்பைக்குள் கொண்டுவர முடியுமா?

நெடுங்கேணியான்

முடியாது, பாதுகாப்புச் சோதனையிலேயே பறித்துவிடுவார்கள். உறையோடு துணியில் இறுகச் சுற்றி, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.