டாங்கியை ஆர் தூக்குறது?

குழு: நம்மட வீட்டாக்கள் (களுதாவளை)

சனிக்கிழமை

[காலை 7:10] அம்மா: புள்ளையள் ஒழும்பிட்டீங்களா. மிளகாய்க்கு வேப்பங்கொட்டைச் சாறு அடிச்சிட்டு இப்பதான் வந்து குந்தினன். பம்ப் அடிச்சு அடிச்சு இடது தோள்மூட்டு தூக்க ஏலாமக் கிடக்கு.

[7:14] தம்பி (கட்டார்): எத்தின தரம் சொல்லிட்டன் அம்மா. இந்தச் சம்பளத்தோட முதுகில போட்டு மருந்தடிக்கிற பற்றரி மெசின் எடுப்பம். அக்கா, 20 லீற்றர் டாங்கி பாருங்க. ஒரே தரத்தில அடிச்சு முடிச்சிரலாம்.

[7:21] நான்: 20 லீற்றர் எண்டா தண்ணி மட்டும் 20 கிலோடா. மெசின் ஒரு 6 கிலோ. அரை மூட்டை அரிசிய அம்மாட முதுகில ஏத்தப் போறியா?

[7:22] தம்பி: ஐயோ அத நினைக்கல்ல. அப்ப 16?

[7:22] நான்: அதையும் நிறைச்சா 22 கிலோ வரும். தோள் நோகுதெண்டு மெசின் எடுத்திட்டு இடுப்ப முறிக்கவா?

[7:40] மாமா (கொக்கட்டிச்சோலை): நான் வயலுக்கு 16தான் வச்சிருக்கன். வரம்பில நடக்க எனக்கே இடுப்புப் பிடிக்கும். மறுகா இன்னொண்டு. ஈயப் பற்றரி போட்டத எடுக்காதீங்க. பெரும்போகம் முடியக் கழுவித் துடைச்சுத்தான் தூக்கி வச்சன். சிறுபோகத்துக்கு எடுத்தா சிவப்பு லைட் மட்டும் எரியுது, மோட்டர் அசையல்ல.

[7:52] சித்தப்பா (செங்கலடி): மச்சான், கழுவினீங்க, சார்ஜ் போட்டீங்களா?

[7:53] மாமா: இல்ல. அடுத்த போகத்துக்குப் போடுவம் எண்டு விட்டன்.

[7:58] சித்தப்பா: அதுதான் விசயம். ஈயப் பற்றரி சார்ஜ் இறங்கின மாதிரியே மாசக்கணக்கில கிடந்தா உள்தகட்டில உப்புப் படிஞ்சு இறுகிப்போகும். மறுகா என்ன செஞ்சாலும் சார்ஜ் ஏறாது. என்னட்டத் திருத்த வாற மெசினில கன பேருக்கு இதுதான் வருத்தம். அடிச்ச அண்டைக்கே சார்ஜில போடுங்க, சும்மா கிடக்கிற நாளையிலயும் மாசத்தில ஒருக்காப் போடுங்க.

[8:01] நான்: அப்ப அம்மாக்கு லித்தியம் எடுப்பமா சித்தப்பா?

[8:06] சித்தப்பா: விலை கூடத்தான். எண்டாலும் அக்காக்கு அதுதான் சரி. 12 வோல்ட் 8 அம்பியர்-அவர் ஈயப் பற்றரி ரெண்டு கிலோக்கு மேல நிக்கும். அதே அளவு லித்தியம் அதில பாதிதான். ஆனா தகரத்துக்குக் கீழ, வெக்கையில வைக்கப்படாது. மெசினோட வாற சார்ஜர விட்டுட்டு வேற சார்ஜர் கொழுவவும் படாது, நெருப்புப் பிடிக்கலாம்.

[8:15] மாமி (திருக்கோவில்): கையாலயும் பற்றரியாலயும் ரெண்டு விதமா அடிக்கிறதும் இருக்கே. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்பிடி வந்தா?

[8:19] சித்தப்பா: அதில கைப்பிடி, கைப்பம்ப் எல்லாம் சேந்து பாரம் கூடும். மோட்டர் 3 அம்பியர் இழுத்தாலும் பற்றரி ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடும். அக்காட வளவுக்கு ஒரு மணித்தியாலம் காணும். கரண்ட் இல்லாட்டி அடுத்த நாள் சார்ஜ் போடட்டும்.

[8:31] அம்மா: இவ்வளவு காசு என்னத்துக்கு மனே. அண்ணன்ட டாங்கிய ரெண்டு நாளைக்கு வாங்கி அடிச்சாப் போதாதா.

[8:33] மாமி: மச்சாள், அத மட்டும் செய்யாதீங்க!! நான் போன வருசம் பக்கத்து வளவில இரவல் வாங்கி அடிச்சன். அது வயலுக்கு எம்.சி.பி.ஏ. களைநாசினி அடிச்ச டாங்கி. ஒரு தரம் அலசிட்டுத்தான் தந்தாங்க. நாலு நாளில தக்காளிக் குருத்தெல்லாம் கயிறு மாதிரி முறுகி, இலை நார் நாராப் போயிட்டு. பூத்து நிண்ட முப்பது கண்டையும் புடுங்கித்தான் எறிஞ்சன். அண்டு அழுதிட்டன்.

[8:35] மாமா: ஓம் தங்கச்சி, என்ட டாங்கியிலயும் களைநாசினி போறது. அத உங்கட மிளகாய்க்குத் தரமாட்டன்.

[8:36] அம்மா: சரி அண்ணன். அப்ப புதுசே பாருங்க.

திங்கட்கிழமை

[மாலை 4:48] நான்: மட்டக்களப்பு டவுனுக்குப் போய் மூண்டு மெசின் பாத்தன். கடைக்காரத் தம்பியிட்டச் சொல்லித் தண்ணி ஊத்தி என்ட முதுகிலயே போட்டுப் பாத்தன். ஒண்டில பட்டி ரெண்டு விரல் அகலம்தான், கழுத்தடியில அறுக்குது. மற்றதில பட்டி அகலம், மெத்தை வச்சுத் தச்சிருக்கு, முதுகு படுற இடத்திலயும் மெத்தை. ரெண்டும் ஒரே தண்ணிதான், ஆனா ரெண்டாவத முதுகில போட்டாப் பாரமே தெரியல்ல.

[4:51] தம்பி: எத்தின லீற்றர் அது?

[4:53] நான்: 16தான். 8 லீற்றரில ஒண்டு கிடந்தது, தோளில ஒரு பக்கமாத் தொங்கும். நோகுற தோளுக்கு அது ஆகாது. 16ஐ எடுத்து அரைவாசிக்கு மட்டும் ஊத்துவம். அம்மா ரெண்டு தரம் கிணத்தடிக்கு வந்தாக் காரியமில்ல.

[4:58] சித்தப்பா: பிடிய விட்டா மோட்டர் நிண்டுச்சா?

[4:59] நான்: நிண்டுது. பிடிச்சா ஓடுது.

[5:02] சித்தப்பா: நல்லம். பிடிய விட்ட பொறகும் இடைக்கிடை மோட்டர் விட்டு விட்டு ஓடினா எங்கேயோ ஒழுகுதெண்டு அர்த்தம், எடுத்திருக்கப்படாது. வாய்முனை எத்தின தந்தாங்க?

[5:05] நான்: மூண்டு. குடை மாதிரி வட்டமாப் பூக்கிறது, விசிறி மாதிரி தட்டையா வாறது, நாலு துளை உள்ளது.

[5:09] சித்தப்பா: மிளகாய்க்குக் குடை மாதிரி வாறதப் போடுங்க. பனிப்பூச்சியும் வெள்ளை ஈயும் இலைக்குக் கீழதான் இருக்கும். வாய்முனைய மேல பாக்கத் திருப்பிக் கண்டுக்குக் கீழால அடிக்கணும். தட்டையா வாறது களைக்கு, அது அக்காக்குத் தேவையில்ல.

[5:11] அம்மா: சாறு அடைக்காதா தம்பி? கைப்பம்பிலயே அடைக்கும்.

[5:14] சித்தப்பா: அடைக்கும் அக்கா. பழைய வேட்டித் துணிய ரெண்டா மடிச்சு வடிச்சு ஊத்துங்க. அடைச்சா வாயால மட்டும் ஊதிப்போடாதீங்க. கழட்டி ஈர்க்கில் நுனியால எடுங்க.

புதன்கிழமை

[காலை 7:20] அம்மா: [படம்]

[7:21] அம்மா: 8 லீற்றர் கோட்டில சிவப்பு நெயில் பொலிஷ் பூசிட்டன், கண்ணாடி போடாட்டியும் தெரியும். விடியக் கச்சான் காத்து எழும்ப முன்னமே அடிச்சு முடிச்சன். டாங்கியக் கிணத்துக் கட்டில வச்சுத் தண்ணி ஊத்தி, கட்டில முதுகச் சாச்சுப் பட்டியப் போட்டிட்டு அப்பிடியே ஒழும்பினன். குனியத் தேவையில்ல.

[7:24] நான்: இலைக்குக் கீழ நனைஞ்சுதா அம்மா?

[7:25] அம்மா: ஓம் புள்ள. ஒரு கொப்பத் திருப்பிப் பாத்தன், அடியில எல்லாம் பொட்டுப் பொட்டா ஈரம். கைப்பம்பில எனக்கு ஒரு நாளும் அப்பிடி நனையல்ல.

[7:26] தம்பி: தோள்?

[7:28] அம்மா: நேத்து மாதிரியே நோகுது மனே. ஆனா கூடல்ல.

[7:30] சித்தப்பா: அக்கா, கழுவிட்டு நல்ல தண்ணிய ஒரு நிமிசம் அடிச்சு விட்டீங்களா? சார்ஜ்?

[7:33] அம்மா: அடிச்சன். சாமி அறைக்குப் பக்கத்தில சார்ஜில கிடக்கு. அண்ணன், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேப்பங்கொட்டை விழுந்தாப் பொறுக்கி வைங்க. என்னட்ட இன்னும் ஒரு தரத்துக்குத்தான் இருக்கு.

[7:41] மாமா: ஞாயிறு கொண்டு வாறன் தங்கச்சி.