ரூட் கெனால் பண்ண பல்லு திரும்ப வலிக்குது, பிடுங்கணுமா?

மேல் கடவாய்ப்பல்லு, கேப்பும் போட்டாச்சு, இப்ப கடிச்சா வலி, ஈறுல சின்னதா கொப்புளம் வந்து வந்து உடையுது. டாக்டர் பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வைங்கறார். காப்பாத்த வழி இருக்கா?

பதில் 1:
அவசரப்படாதீங்க சார், எண்டோடான்டிஸ்ட்கிட்ட (ரூட் கெனால் ஸ்பெஷலிஸ்ட்) காட்டுங்க. மேல் முதல் கடவாய்ப்பல்லுல பெரும்பாலும் எம்பி2ன்னு வேருக்குள்ள நாலாவதா ஒரு நரம்புக் கால்வாய் ஒளிஞ்சிருக்கும், அத விட்டிருந்தாலும் இப்படி சீழ் வைக்கும், சிபிசிடின்னு பல்லுக்கான 3டி ஸ்கேன் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

பதில் 2:
எனக்கு ரீ-ஆர்சிடி, அதாவது அதே பல்லுக்கு மறுபடி ரூட் கெனால் பண்ணாங்க. கேப்ப வெட்டி, கால்வாய்ல அடைச்சிருந்த பழைய கட்டாபெர்ச்சாவ (ரப்பர் மாதிரி பொருள்) சுரண்டி எடுத்து, ஹைப்போ (கிருமி கொல்ற திரவம்) விட்டு கழுவி, மருந்து வச்சு அனுப்பிட்டு அடுத்த சிட்டிங்லதான் அடைச்சாங்க. புது கேப்புக்கு தனி காசு, முதல்லயே கேட்டுக்கோங்க 😅

பதில் 3:
வேர் நெடுக்க விரிசல் விட்டிருந்தா மட்டும் காப்பாத்தறது கஷ்டம், பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். அத முதல்ல பாக்கச் சொல்லுங்க.