மறு: மறு: மறு: பிரசவத்துல தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு வர்ற நுண்ணுயிர்கள் - கலைச்சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் பாடக்குறிப்பு நாளைக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது, அதனால நீங்க எல்லாரும் சொன்ன சொற்கள்ல ஒண்ணை எடுத்தே ஆகணும்.

> தொற்றுதல்னா பற்றிக்கொள்ளுதல். குரங்குக்குட்டி தாயைத் தொற்றிக்கிது இல்லையா? நோய்ங்கிற பொருள் பிற்பாடு ஏறினது.

புலவர் ஐயா, வேர்ப்பொருள் நீங்க சொல்றதுதான். ஆனா இப்பதான் பிள்ளை பெத்து படுத்திருக்கவங்ககிட்ட போய் "உங்ககிட்ட இருந்து குழந்தைக்குத் தொற்று வந்திருக்கு"ன்னு நர்ஸ் சொன்னா அவங்க வேரையா யோசிப்பாங்க, பதறிடுவாங்க. தவிர குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹெர்ப்பிஸ் மாதிரி நோய்க்கிருமிங்க எல்லாமும் இதே வழியாதான் குழந்தைக்கு வருது, தொற்றுங்கிற சொல் அதுக்கு வேணும்.

> தாய்க்கொடை. தாய்ப்பால் மாதிரியே வல்லெழுத்து மிகுந்து அழகா நிக்குது பாருங்க.

அழகுதான், விட மனசே இல்லை. ஆனா அப்போ சிசேரியன் ஆன அம்மா எதுவும் கொடுக்கலைன்னு ஆகிடாதா? சிசேரியன் குழந்தைங்க குடல்ல பாக்டீராய்டிஸ்ங்கிற பாக்டீரியா வகை ஆரம்பத்துல குறைவா இருக்கு, ஆஸ்பத்திரிச் சூழல்ல இருக்கற கிருமிங்க கூடுதலா இருக்கு, உண்மைதான். ஆனா 2019ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட 600 குழந்தைங்களோட மலத்தைச் சோதிச்சப்போ, சுகப்பிரசவத்துலயும் முக்கியமா வர்றது பிறப்புப் பாதை நுண்ணுயிர் இல்லை, அம்மாவோட குடல்ல இருக்கறதுன்னுதான் தெரிஞ்சுது. அப்புறம் தோல், தாய்ப்பால்னு வரவு தொடர்ந்துட்டேதான் இருக்கு, பால்ல குழந்தையால செரிக்க முடியாத ஒருவகை சர்க்கரைங்க இருக்கு, அதைத் தின்னுதான் பிஃபிடோபாக்டீரியாங்கிற நல்ல பாக்டீரியா பெருகுது. ஒரே நாள்ல கொடுத்து முடிக்கிற கொடை இல்லைங்க இது.

> குடியேற்றம்னா யாரோ ஏத்தணும். தானா ஏறினா குடியேறல்.

எனக்குப் பிடிச்சது இதுதான். குடியேற்றம்னு தன்வினைக்கும் சொல்றோம்ங்கறது சரி, ஆனா இங்க அந்தப் பிரிவு நமக்குத் தேவைப்படுது. தானா நடக்கறது குடியேறல். சிசேரியன் குழந்தை மேல அம்மாவோட பிறப்புப் பாதைத் திரவத்தை, அதுல இருக்கற நுண்ணுயிர் சேரட்டும்னு துணியால தடவுறாங்களே, அது குடியேற்றல். ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2017லயே சொல்லியிருக்கு, அதனால மாணவர்கள் ரெண்டையும் குழப்பிக்கவே கூடாது. தன்வினை பிறவினை தெரிஞ்ச பிள்ளைங்களுக்குத் தனியா விளக்கவே வேணாம்.

நுண்ணுயிரா நுண்ணுயிரியான்னு இப்போ திரும்ப ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

"தாய்வழி நுண்ணுயிர்க் குடியேறல்"னு போட்டு அனுப்புறேன். நீளம்தான், நாலு பேர் சரின்னுட்டாங்க. ஐயா மட்டும் தொற்றுலயே நிக்கிறார், அவர் மறுப்பை அடிக்குறிப்பா சேர்க்கறேன்.